ஹீற்றரைத் திரும்பப் பூட்டிவிட்டேன்

அன்பு மகளுக்கு,

போன மாதம் நீ தொலைபேசியில், "அப்பா, எங்கட எம்ஜிபிக் கார் இன்னும் ஓடுதோ? நான் அபர்தீனுக்குக் கொண்டு போகட்டோ?" என்று கேட்டாய். ஓம் என்று சொல்லிப்போட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காருக்குள் ஹீற்றர் இல்லை. நீயோ இரவு வேலை முடித்து விடியப்புறத்தில் வீடு திரும்புகிறவள். அந்த ஸ்கொட்லாந்து ஊர்க் குளிருக்கு அந்தக் காரை அப்படியே தர எனக்கு மனம் வரவில்லை. மூன்று கிழமையாகக் கராஜிலேயே கிடந்தேன். இப்போது வேலை முடிந்துவிட்டது. வேலைக்கும் நித்திரைக்கும் நடுவில் நீ எடுக்கிற தொலைபேசியில் இதையெல்லாம் சொல்ல நேரம் போதாது என்பதால் எழுதுகிறேன்.

1998இல் உனக்கு ஏழு வயது. தை மாதம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். உன் சப்பாத்துக்குக் கீழே விரிப்பு நனைந்து, ஒரு இனிப்பு மணம் எழும்பியது. முன் கண்ணாடியில் எண்ணெய் பூசினமாதிரி, மூடுபனிபோலப் புகார் படிந்தது. ஹீற்றர் பெட்டிக்குள் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடும் சின்ன ரேடியேற்றர் ஓட்டையாகி, உறையாமல் இருக்க மருந்து கலந்த தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருந்தது. அடுத்த நாளே இரண்டு றப்பர் குழாய்களையும் கழற்றி, ஒரு துண்டுச் செப்புக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்தேன். பெட்டியைக் கழற்றிக் கூரைக்குள் போட்டேன். வாற வருஷம் பார்ப்பம் என்றேன்.

அந்த வருஷம் வரவேயில்லை. ஏன் என்று இந்த மூன்று கிழமையும் யோசித்தேன். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடியது ஒஸ்டின் ஏ-40 கார். கண்ணாடியை இறக்கினால் காற்று வரும், அவ்வளவுதான் வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினைப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவதாக அவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த மனிதரின் மகன் நான். காரில் சூடு என்பது எனக்கு வசதியாகத் தெரிந்ததே தவிர, தேவையாகத் தெரியவில்லை. இந்தக் காரைச் செய்தவர்களே தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தார்கள் போலும். 1962இல் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி வெளிவந்தபோது, இங்கிலாந்தில் விற்ற கார்களுக்கு ஹீற்றர் தனிக் காசு கொடுத்து வாங்கும் சாமான். எங்கள் 1973 எம்ஜிபி ஜிடியில் அது கூடவே வந்தது. வந்ததைக் கழற்றி வைத்தவன் நான்.

அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம் என் பக்கத்தில் இருந்து ஸ்பொஞ்சால் கண்ணாடியைத் துடைத்தாய்! "அப்பாவின்ர பக்கம் முதல்" என்று எட்டி எட்டித் துடைப்பாய். உன் விரல் நுனி சிவந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது, பிள்ளை.

சரி, வேலையைச் சொல்கிறேன். கார் உன்னிடம் வருவதால் நீ தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியின் அடி கறள் பிடித்துக் கிடந்தது. சுரண்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, கறுப்புப் பெயின்ற் பூசினேன். சின்ன ரேடியேற்றரைப் புதிதாக வாங்கினேன். பூட்ட முன்னர் அதன் ஒரு வாயை அடைத்து, மற்ற வாயில் சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழியும் இல்லை. அதைச் சுற்றி ஒட்டும் ஸ்பொஞ்ச் நாடாதான் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் காற்று சூடான தகடுகளுக்குள்ளால் போகாமல் ஓரத்தால் நழுவிவிடும், தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் காலுக்குக் குளிர் காற்றுத்தான் வரும். பழைய நாடா கையில் எடுக்க மாவாக உதிர்ந்தது. காற்றாடி மோட்டரை வெளியிலேயே பற்றறியில் தொட்டு ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடினேன்.

பெட்டியை அதன் இடத்தில் இறக்குவதுதான் பெரிய பாடு. முதலில் ஹீற்றரைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றித்தான் எம்ஜிபியைக் கட்டினார்கள் என்று இந்தக் கார் வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். புது ஸ்பொஞ்ச் தடிப்பாக இருந்ததால் பெட்டி இருக்கவே மறுத்தது. அம்மா ஒரு பக்கம் அமத்திப் பிடிக்க, நான் மறுபக்கம் ஸ்குறூ முறுக்கினேன். கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோகும் இரண்டு குழாய்களையும் சொருக, கால் இரண்டையும் இருக்கையின் மேல் போட்டு, தலையை டாஷ்போர்ட்டுக்குக் கீழே வைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் படுத்திருந்தேன்.

பெட்டியைப் பூட்ட முன்னர் இன்னொன்றைக் கண்டேன். கண்ணாடிக்கு முன்னால் உள்ள சல்லடையால் காற்றோடு மழைத்தண்ணீரும் உள்ளே வரும். அந்தத் தண்ணீர் அடியில் ஒரு றப்பர் குழாயால் கீழே வடிந்து போக வேண்டும். அந்தக் குழாய் இலைச் சேற்றால் கல்லாக அடைபட்டிருந்தது. விரிப்பு நனைகிறது என்று கதவு றப்பரை நான் இரண்டு தடவை மாற்றினேன், நினைவிருக்கிறதா? கதவில் ஒரு பிழையும் இருக்கவில்லை. நீ ஒவ்வொரு இலையுதிர் காலமும் அந்தக் குழாயைப் பார்.

ஹீற்றருக்குச் சுடுதண்ணீரைத் திறந்து மூட எஞ்சின் தலையில் பூட்டுகிற வால்வு, புதிதாக வாங்கியது முதல் நாளே ஒழுகியது. பழையதைக் கழற்றித் துப்பரவாக்கி, புதுக் கஸ்கற் போட்டுப் பூட்டினேன், ஒரு சொட்டும் இல்லை. தண்ணீர் நிரப்பும்போது வால்வு திறந்திருக்க வேண்டும். ஹீற்றர் உயரத்தில் இருப்பதால் உள்ளே காற்று அகப்பட்டுவிடும். காரின் மூக்கு மேலே இருக்கும்படி எங்கள் வீட்டுச் சரிவில் நிறுத்தி, குழாய்களைப் பிசைந்து பிசைந்து காற்றை எடுத்தேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் 82 பாகைக்கு இருந்தது, உனக்காக 88 பாகைக்கு உரியதை மாற்றியிருக்கிறேன். குளிர் நாட்டுக்கு அதுதான் சரி.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு, வெளியில் பனி உறைந்திருக்க, ஓடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கண்ணாடியின் அடியில் இரண்டு பிறைபோல் தெளிந்தது. பிறகு அது மெல்ல மெல்ல மேலே ஏறியது. துடைக்க ஆளில்லாமல் அந்தக் கண்ணாடி தானாகத் தெளிந்ததைப் பார்த்தபோது காரை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒரு குமிழ் சூட்டுக்கு, மற்றது காற்று காலுக்கோ கண்ணாடிக்கோ என்பதற்கு. எஞ்சின் சூடாகும்வரை காற்றாடியைப் போடாதே. பின்பக்கச் சின்னக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் திறந்து வை. உள்ளே வருகிற காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும், அப்போதுதான் புகார் சீக்கிரம் கலையும். சல்லடையில் பனி மூடியிருந்தால் தட்டிவிட்டுப் புறப்படு. கோடையிலும் மாதம் ஒரு தடவை சூட்டுக் குமிழைத் திருப்பு, இல்லாவிட்டால் வால்வு இறுகிவிடும்.

நீ வந்து எடுக்கும்போது கார்லைல் வரை நானும் கூட வருகிறேன். அங்கிருந்து ரயிலில் திரும்பிவிடுவேன். புதுக் குழாய்களின் கிளிப்புகளை ஒரு நூறு மைல் ஓடிய பிறகு இன்னொருக்கா இறுக்க வேண்டும். அதை என் கையால் செய்துவிட்டால் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
அப்பா