தி பிரிட்ஜ்: கடைசி சீசனுக்கு முன்

நண்பர்களே, வரும் சனி இரவு ‘தி பிரிட்ஜ்’ என்ற ஸ்வீடிஷ்-டேனிஷ் துப்பறியும் தொடரின் நான்காம் சீசனைப் பார்க்கத் தொடங்குகிறோம். முந்தைய மூன்றிலும் தலா 10 எபிசோடுகள், இதில் 8தான். எல்லாவற்றையும் மறுபடி பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்றாம் சீசனின் கடைசி இரண்டையாவது பார்த்துவிடுங்கள். டேனிஷ் துப்பறிவாளர் ஹென்ரிக்கின் மகள்கள், ஸ்வீடிஷ் துப்பறிவாளர் சாகாவின் தாய் மரணம் என்ற இரண்டு முடிச்சுகளும் அங்கிருந்துதான் தொடர்கின்றன.

மூல ஒலியிலேயே பாருங்கள். சாகா பேசுவது ஸ்வீடிஷ், ஹென்ரிக் பேசுவது டேனிஷ். டப்பிங்கில் ஸ்வீடனின் மால்மோவுக்கும் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் இடையிலான எல்லையே அழிந்துபோகும். அது பெரிய இழப்பு.

சப்டைட்டில் தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் நொடிகளை முன்பின் நகர்த்திப் பயனில்லை. வீடியோ நொடிக்கு 25 பிரேமாகவும் (அதாவது 25 தனிப் படங்களாகவும்) சப்டைட்டில் 23.976-க்கு அமைத்ததாகவும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் பிசகும். பிரேம் விகிதத்தை மாற்றிய கோப்பைப் போடுங்கள்.

முதல்முறை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முடிவை யாரும் இங்கே எழுத வேண்டாம்.