பலூன் சுருங்கியது, பிணைப்பு அசையவில்லை

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. உன் சேர்மத்தின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்க, பலேடிய வினையூக்கி போட்டு ராத்திரி முழுக்கக் கலக்கிவிட்டுக் காலையில் பார்த்தால் ஹைட்ரஜன் பலூன் பாதியாகச் சுருங்கியிருந்தது, ஆனால் அந்தப் பிணைப்பு அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். முதலில் ஒன்று: பலூனை நம்பாதே. ஹைட்ரஜன் ரப்பர் வழியாகவே கசிந்துவிடும். நானும் அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஒரு வாரம் ஏமாந்தவள்தான்.

இரட்டைப் பிணைப்புள்ள மிகச் சின்ன கார்பன் சேர்மமான எத்திலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்தால் மோலுக்கு 137 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். இருந்தும் இரண்டையும் சும்மா கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் 436 கிலோஜூல் பிடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவே, யார் பிரிப்பது? அந்த வேலையைத்தான் உலோகம் செய்கிறது. பலேடியத்தின் மேல் வந்து உட்கார்ந்ததுமே ஹைட்ரஜன் இரண்டாகப் பிரிந்துவிடும். உன் சேர்மமும் பக்கத்தில் வந்து இரட்டைப் பிணைப்பு உலோகத்தில் படுகிறமாதிரி படுக்கும். அடியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு அதில் ஏறும், அப்புறம் இன்னொன்று. இரண்டும் ஒரே முகத்தில் சேர்வது அதனால்தான். ஹோரியூட்டி, போலானி என்ற இரு வேதியியலாளர்கள் 1934-இல் சொன்ன படம் இது, இன்றும் செல்லும். முதல் அணு ஏறியபின் மனம் மாறி இறங்கிவிடவும் முடியும். அதற்குள் மூலக்கூறு திரும்பிக்கொண்டால் சிஸ் (தொகுதிகள் பிணைப்பின் ஒரே பக்கம்) போய் டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) ஆகிவிடும். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்திக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு வருவது இந்த வழியில்தான்.

ஆக, எல்லாமே அந்த மேற்பரப்பில் இடம் கிடைப்பதைப் பொறுத்தது. உன் விஷயத்தில் எனக்குக் கந்தகத்தின் மேல்தான் சந்தேகம். முந்தைய படியில் தயோல் (கந்தகம் உள்ள சேர்மம்) ஏதாவது போட்டாயா? துளி மிச்சம் இருந்தாலும் பலேடியத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. (லிண்ட்லர் என்ற வேதியியலாளர் 1952-இல் ஈயத்தையும் குயினோலின் என்ற சேர்மத்தையும் வேண்டுமென்றே கொடுத்து பலேடியத்தை மந்தமாக்கினார், முப்பிணைப்பு இரட்டைப் பிணைப்போடு நிற்கட்டும் என்று. அது வேறு கதை.) சேர்மத்தை இன்னொரு தடவை சுத்தம் செய்துவிட்டுப் புது வினையூக்கி போட்டுப் பார். பிணைப்பைச் சுற்றி நாலு பக்கமும் கார்பன் தொகுதிகள் அடைத்திருந்தால் மட்டும் பலூன் போதாது, அழுத்தம் வேண்டும்.

வடிகட்டும்போது கவனம். ஒருமுறை மெத்தனாலில் இருந்த கரிப் பலேடியத்தை (கரித்தூளில் படியவைத்த பலேடியம்) வடிதாளில் ஊற்றிவிட்டு, காற்றுறிஞ்சியை நிறுத்தாமல் போனை எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் கறுப்பு வண்டலின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு. அது என்னவென்று யோசிப்பதற்குள் தாள் பற்றிக்கொண்டது. காற்றை உள்ளே இழுக்க விடாதே, வண்டல் காயக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றித் தனிப் புட்டியில் போட்டுவிடு. பலூனை மாட்டுவதற்கு முன்னாலும் கழற்றிய பின்னாலும் நைட்ரஜனால் குடுவையை அலசு.

செவ்வாய்க்கிழமை மறுபடி போடுகிறாய் என்றாய். ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் ஒரு துளி எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அம்மா