ராஸ்காமனையும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த அயர்லாந்து பயணக் கட்டுரை படிச்சேன். டப்ளின், கால்வே, மோஹர் கிளிஃப்ஸ் எல்லாம் நல்லாவே வந்திருக்கு. ஆனா நடுவுல இருக்குற மாவட்டங்களை "பச்சை வயலும் ஆடு மாடும்தான்"னு ஒரே வரியில தாண்டிட்டாங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் அத்லோன்ல குடியிருக்கேன், இங்கேர்ந்து அந்த நடு மாவட்டங்கள்ல ஒண்ணான ராஸ்காமனோட டவுன் கார்ல அரை மணி நேரம்தான், டப்ளின்ல இருந்து வெஸ்ட்போர்ட் போற ரயிலும் அங்க நிக்கும்.

டவுன்லயே 1269ல கட்ட ஆரம்பிச்ச நார்மன் கோட்டை இருக்கு. கூரை போயிடுச்சு, ஆனா மூலைக்கு மூலை இருக்குற பெரிய கோபுரங்கள்ல இன்னும் நிக்கிறதைப் பாத்தாலே அந்தக் காலத்து பலம் தெரியும். பக்கத்துலயே பார்க், குழந்தைங்க ஓடி விளையாடலாம். தெற்கால 1253ல ஃபெலிம் ஓ'கானர்ங்கிற கனாட் (மேற்கு அயர்லாந்து) ராஜா கட்டின டொமினிக்கன் மடம், அவரோட கல்லறையில ஆயுதம் தாங்கின 8 வீரர்களைச் செதுக்கி வச்சிருக்காங்க, அவசரப்படாம நின்னு பாருங்க. சதுக்கத்துல பழைய ஜெயில் கட்டடம் இருக்கு, தூக்குத் தண்டனைக் கைதியா வந்து தூக்கு போடுறவளாவே மாறின லேடி பெட்டி கதை அங்க எல்லாருக்கும் தெரியும்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது வடக்கால இருக்குற ஸ்ட்ரோக்ஸ்டவுன். அங்க மஹோன் குடும்பத்து ஜமீன் மாளிகையை 1979ல உள்ளூர்க்காரர் ஒருத்தர் வாங்கினாரு, உள்ள பாத்தா 1840கள்ல அயர்லாந்தை வாட்டின பெரிய பஞ்சகாலத்துக் கடுதாசியும் கணக்குமா கட்டுக்கட்டா கிடந்திருக்கு, அதைத் தூக்கிப் போடாம காப்பாத்தி வச்சதாலதான் 1994ல அங்க தேசிய பஞ்ச மியூசியம் திறந்தாங்க. 1846ல குடியானவங்க "பட்டினி கிடக்குறோம், ஒரு வழி பண்ணுங்க"ன்னு எழுதிக் குடுத்த மனு கூட இருக்கு. மறு வருஷமே 1,490 பேரை நிலத்தை விட்டுக் கிளப்பி, டப்ளின் வரைக்கும் நடக்க வச்சு, லிவர்பூல் வழியா கனடாவுக்கு கப்பல் ஏத்தினாங்க, அதுல பாதிப் பேர் மாதிரி உயிரோட போய்ச் சேரல. அந்த நவம்பர்ல ஜமீன்தார் டெனிஸ் மஹோனை சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்த ஜனங்க நடந்த பாதை இன்னைக்கு 165 கிலோமீட்டர் நடைபாதையா இருக்கு, வழி நெடுக சின்னப் பிள்ளைங்க ஷூவை வெண்கலத்துல செஞ்சு வச்சிருக்காங்க. 1841லேர்ந்து 1851க்குள்ள இந்த மாவட்டத்து ஜனத்தொகையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு.

இது நமக்கு எங்கயோ நடந்த கதை இல்லைங்க. அப்போ லண்டன் கருவூலத்துல உக்காந்து நிவாரணக் காசை இறுக்கிப் பிடிச்ச அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன், அவரேதான் 1859ல மெட்ராஸ் கவர்னரா வந்தாரு. சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்ட திட்டம், பெரியமேடு மை லேடீஸ் பார்க் அதுல மிஞ்சின துண்டு. அப்புறம் 1876ல நம்மூர்ல தாது வருஷப் பஞ்சம் வந்தப்போ பக்கிங்காம் கால்வாய்ல கூவத்தையும் அடையாறையும் சேக்குற பகுதியை பட்டினி கிடந்த ஜனங்களை வச்சே வெட்டினாங்க. அயர்லாந்துலயும் அதே மாதிரி பசியோட இருக்குறவங்களை ரோடு போட விட்டாங்க. நம்ம ஆளுங்க இந்த மியூசியத்தைப் பாக்காம ஊர் திரும்புறது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

நேரம் இருந்தா டல்ஸ்க் பக்கத்துல ராத்குரோகனும் போங்க, ஐரிஷ் பழங்கதைகள்ல வர்ற மேவ் ராணியோட தலைநகரம்னு சொல்ற இடம், ஹாலோவீனுக்கு மூலமான சௌவின் பண்டிகையோட சம்பந்தப்பட்ட ஓவெனகாட் குகையும் அங்கதான். உள்ள நல்லா சேறா இருக்கும், பழைய துணி போட்டுக்கோங்க, டல்ஸ்க்ல இருக்குற விசிட்டர் சென்டர்ல கேட்டு கைடோட போறதுதான் நல்லது. பாயில்ங்கிற ஊர்ப் பக்கம் லாக் கீ பார்க்கும் குழந்தைங்களுக்குப் பிடிக்கும்.

அடுத்த தடவை அயர்லாந்து பத்தி போடும்போது ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்க, ட்ரெவெல்யனோட மெட்ராஸ் காலத்தைப் பத்தி தெரிஞ்சவங்க யாரையாவது அதோடயே எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அத்லோன், அயர்லாந்து