நகரத்துக் கம்போஸ்ட்டை நெல் வயலுக்குத் தருமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்து மட்கும் குப்பையை உரமாக்கி நெல்லுக்குப் போடலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். போடலாம்தான். நானே மூன்று சம்பாவாக ஒரு ஏக்கரில் போட்டு வருகிறேன். ஆனால் அந்தக் கட்டுரை சொல்லாமல் விட்ட சில விஷயங்களை வயலில் இறங்குகிறவன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் தொழு உரம் கொண்டுபோய்க் கொட்டுவதையே 'குப்பை அடிப்பது' என்றுதான் சொல்வோம். குப்பை எங்களுக்குக் கெட்ட வார்த்தை இல்லை. வீட்டுக்கு வீடு மாடு இருந்தவரை எருக்குழியும் இருந்தது. மாடு போனது, குழியும் தூர்ந்தது. அதனால்தான் நகரக் குப்பையை மக்க வைக்கும் பக்கத்து ஊர் உரக்கிடங்கில் வண்டி வாடகை மட்டும் கொடுத்தால் போதும் என்றபோது, யோசிக்காமல் ஐந்து டன் ஏற்றி வந்தேன். ஏக்கருக்கு ஐந்து டன் என்பது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் அல்லது கம்போஸ்ட் இடச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குப் பரிந்துரைக்கும் அளவுதான் அது.

வண்டியிலிருந்து கொட்டும்போதே ஆவி பறந்தது. சூடு ஆறாத குப்பை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் கட்டிச் சேறாக்கும் சேடை உழவில் அப்படியே மடக்கி உழுதுவிட்டு நட்டோம். பதினைந்து நாள் ஆகியும் பயிர் பச்சை பிடிக்கவில்லை. பக்கத்து வயல் கருகருவென்று தூர் கட்டி நிற்க, என் வயல் மஞ்சளாக நின்றது. கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழ் வந்தது, அழுகின நாற்றம் அடித்தது. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்திருந்தது. அரைகுறையாக மக்கிய குப்பையில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதைத் தின்று செரிக்கிற நுண்ணுயிர்கள் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். கரிச்சத்து, தழைச்சத்து விகிதம் இருபதுக்குக் கீழே இருந்தால்தான் நகரக் கம்போஸ்ட் என்று விற்கலாம் என்று மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. எனக்குக் கிடைத்ததை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நடவின்போது நடந்ததுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. நடவுக்கு வந்த ஒரு அக்காவின் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. சேறு என்பதால் ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து தையல், பத்து நாள் வேலை இல்லை. அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு நான் பொறுக்கியது ஒரு சாக்கு: ஷாம்பு பாக்கெட், பால் கவர், பேனா மூடி, ஊசி மருந்துக் குப்பி, ஒரு பேட்டரி.

பேட்டரியைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. அதிலிருக்கக்கூடிய காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் மக்கி மறைகிற பொருள் இல்லை. நெல் காட்மியத்தை மணி வரைக்கும் ஏற்றிவிடும் பயிர். ஜப்பானில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு எலும்பு நொறுங்கிப்போனவர்களின் கதை உலகத்துக்கே தெரியும். அதனால்தான் நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு தாளில் இருக்கிறது. வண்டியோடு அந்தச் சோதனைச் சீட்டு வருகிறதா? எனக்கு வரவில்லை.

அப்புறம், யூரியாவுக்கு மாற்று என்று உங்கள் கட்டுரை சொன்னது சரியில்லை. சாதாரணமாக நகரக் கம்போஸ்ட்டில் தழைச்சத்து ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஐந்து டன்னில் 50 கிலோ. அதில் முதல் போகத்துக்குப் பயிர் கைக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது, அதாவது பத்துக் கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து. ஆக, ஐந்து டன் கம்போஸ்ட்டும் அரை மூட்டை யூரியாவும் அந்தப் போகத்துக்கு ஒன்று. இதை நம்பி, நட்ட பிறகு போடும் மேலுரத்தை அடியோடு நிறுத்துகிறவர் ஒரே வருஷத்தில் வெறுத்துப்போய், கம்போஸ்ட் பக்கமே திரும்ப மாட்டார்.

அப்படியானால் எதற்குப் போடுகிறேன்? மண்ணுக்காக. இரண்டாம் வருஷம் கோடையிலேயே வாங்கி, தென்னந்தோப்பில் அம்பாரம் போட்டு, தண்ணீர் தெளித்து மூன்று மாதம் விட்டேன். உள்ளே இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் சுடக் கூடாது. ஒரு பிடியை நனைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்தால் மண் வாசனைதான் வர வேண்டும், சாக்கடை நாற்றம் வரக் கூடாது. பிறகு சல்லடையில் சலித்துப் போட்டேன். பயிர் மஞ்சள் தட்டவில்லை. நெல் மூட்டைக் கணக்கில் பெரிய ஏற்றம் இல்லைதான், ஆனால் போன சம்பாவில் மேலுரம் ஒரு தடவையைக் குறைத்தேன், மகசூல் இறங்கவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் எங்கள் முறை தள்ளிப்போனபோது பக்கத்து வயல் வெடித்த பிறகுதான் என் வயல் வெடித்தது. நெல்லுக்குப் பின் தெளித்த உளுந்தும் நின்று காய்த்தது.

நான் செய்த இந்த வேலையெல்லாம் உரக்கிடங்கு செய்திருக்க வேண்டியது. கம்போஸ்ட் விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி என்று மத்திய அரசு 2016இல் அறிவித்தது. அதே வருஷம் வந்த திடக்கழிவு விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லிவிட்டன. உங்கள் பத்திரிகையை நகரத்தில் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: வாழைப்பழத் தோலோடு பேட்டரியைப் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் கையுறை போட்டுக் கிளறினாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மிச்சம் எங்கள் வயலுக்கு வருகிறது. அதிகாரிகளிடம் கேட்பது, முழுக்க மக்க வைத்துச் சலித்த உரம், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சோதனைச் சீட்டு. காசு கேட்டாலும் கொடுக்கத் தயார்.

காலில் தையல் போட்டவர் இந்த வருஷமும் நடவுக்கு வந்திருந்தார். வரப்பில் நின்று, "தம்பி, இது குப்பை போட்ட வயலா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம்