மின்னிசை மையத்தின் சாவி: துணைவேந்தருக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் மின்னிசை மையத்தின் இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில், ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, சுருதிப்பெட்டி ஆகியவற்றைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். சென்ற ஆண்டு உங்கள் மையம் அறிவித்த சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பம் கொண்டுவந்தபோது, இசையில் இளங்கலைப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது கவுண்ட்டரிலேயே திருப்பித் தரப்பட்டது. அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். விதியை எடுத்துக் காட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அன்று மையத்தின் ஊழியர் ஒருவர், இவ்வளவு தூரம் வந்தவன் வெறுங்கண்ணோடு திரும்ப வேண்டாம் என்று ஸ்டுடியோவைப் பத்து நிமிடம் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குக் கீழே, மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் ஓர் அனலாக் சிந்தசைசர் இருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு அதை ஓட விட்டு, ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் குமிழைத் திருகினேன். ஸ்பீக்கரில் ‘கரகர’ என்றது. குமிழுக்கு உள்ளே இருக்கும் கார்பன் பட்டையில் தூசியும் ஈரமும் படிந்து, பல மாதங்களாக அதன்மேல் எதுவும் உரசாமல் இருந்தால் வரும் சத்தம் அது. மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் மின்சாரம் ஏறாமலே கிடந்தால், அதற்குள் ஆக்சைடு படலம் மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் திடீரென்று சுவிட்சைப் போட்டால் பவர் சப்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகும். பூட்டி வைத்தால் பத்திரம் என்பது நகைக்குச் சரி. வாத்தியத்துக்கு அது சரிப்படாது.

எங்கள் பகுதி மெல்லிசைக் குழு ஒன்றின் யமஹா டிஎக்ஸ்7 தான் நான் முதலில் திறந்து பார்த்த சிந்தசைசர். 1983இல் வெளிவந்த மாதிரி அது. நினைவகத்தைக் காக்கும் சிறிய லித்தியம் பேட்டரி உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்துபோனதால், வேலா உற்சவத்துக்கு முந்தைய நாள் அந்தக் குழுவின் 32 ஒலிகளும் மறைந்துவிட்டன. பேட்டரியை மாற்றிய பிறகு, அந்த ஒலிகளை ஒவ்வொன்றாக மீண்டும் அமைக்க விடிய விடிய உட்கார்ந்திருந்தபோதுதான் எஃப்எம் சிந்தசிஸ் என்பது என்னவென்று எனக்கு அரைகுறையாகவேனும் பிடிபட்டது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக ஆட்டினால், கேட்டிராத ஓசைக்குணங்கள் பிறக்கின்றன. இதை 1967இல் கண்டறிந்த ஜான் சௌனிங் பொறியாளர் அல்லர், தாளவாத்தியம் வாசித்தவர். இசை பயின்ற அவரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் தன் கணினியைப் பயன்படுத்த விட்டது. அதே பல்கலைக்கழகம் அவருக்குப் பணி நிரந்தரம் மறுத்ததும், யமஹா நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பின் உரிமத்தைப் பெற்ற பிறகு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் வேறு கதை. பல்கலைக்கழக நிர்வாகங்கள் அவ்வப்போது நினைத்துப் பார்க்கத் தக்க கதை. எனக்கு இங்கே வேண்டியது கதையின் முதல் பாதிதான். கணினித்துறைப் பட்டம் எங்கே என்று அந்த ஆய்வகத்தின் வாசலில் யாரேனும் கேட்டிருந்தால், நான் பேட்டரி மாற்றிய கருவியே பிறந்திருக்காது.

இன்னும் பின்னால் போனால், 1944இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர் வானொலி நிலையத்திலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிச் சென்று, பேயோட்டும் ‘ஸார்’ சடங்கின் பாட்டைப் பதிந்தார். பிறகு அதே நிலையத்தின் அறையில் எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் அதைப் புதிய படைப்பாக்கினார். அவர் படித்தது வேளாண்மை. பின்னாளில் நியூயார்க்கின் கொலம்பியா–பிரின்ஸ்டன் மின்னிசை மையம் அவருக்கு இடம் கொடுத்தது. துருக்கியின் புலென்ட் அரெலும் அர்ஜென்டினாவின் மாரியோ டேவிடோவ்ஸ்கியும் அங்கே வேலை செய்தார்கள். நம் நாட்டிலும் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுக்க, கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் இசையமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ஸ்டுடியோ ஓய்ந்தது. அங்கே பதிந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. உங்கள் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தபோது எனக்கு அந்த நாடாக்கள்தான் நினைவுக்கு வந்தன.

எங்கள் பக்கத்தில் மின்னிசைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் இன்றும் கம்பன் பாடல்களைப் பாடித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். வரிசையாக எரியும் 21 விளக்குகளின் வெளிச்சத்தில் திரை அசைய, எழுபறையும் இலைத்தாளமும் முழங்கும். அந்த முழக்கத்தை மாடத்தின் நான்கு மூலைகளிலும் மைக் வைத்துப் பதிந்து, உள்ளே உட்கார்ந்தவனுக்குக் கேட்பதுபோலவே திரும்பக் கேட்க வைக்க முடியுமா என்று கூத்தறிந்த ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். மில்லர் பக்கெட் உருவாக்கிய ‘பியூர் டேட்டா’ போன்ற, கணினியில் ஒலியை உருவாக்கும் மென்பொருள்கள் இலவசம்தான், என் பழைய கணினியிலும் ஓடுகின்றன. கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் அடங்காத கமகத்தை அதில் கோடாக வரைந்து கேட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்கு ஸ்பீக்கர்களைச் சுற்றிலும் நிறுத்திச் சோதிக்கும் அமைதியான அறையையும், தவறைச் சுட்டிக்காட்டும் ஆசிரியரையும் எந்த மென்பொருளும் தருவதில்லை. அவை இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

ஆகவே சான்றிதழ்ப் படிப்புக்குப் பட்டத்தையே அளவுகோலாக வைக்காமல், விண்ணப்பிப்பவர் செய்துகாட்டும் ஒரு பதிவையோ சர்க்யூட்டையோ பார்த்து, சில இடங்களையேனும் அதன்படி நிரப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஸ்டுடியோ மாலை நாலரைக்கே பூட்டப்படுவதால், உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இயற்பியல் படிக்கும் மாணவர்கூட வகுப்பு முடிந்து வந்தால் உள்ளே போக முடியாது. கடை நடத்துபவனைச் சொல்லவே வேண்டாம். வாரத்தில் இரு மாலைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் திறந்தால் போதும். கருவி கெட்டுப்போகும் என்ற அச்சம் நியாயமானதுதான். வைப்புத்தொகை வாங்குங்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள், அடிப்படைப் பயிற்சி பெறாதவரைத் தொட விடாதீர்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையாளம் எனக்கு அன்றாடம் புழங்கும் மொழி, அதில் குறையொன்றுமில்லை. ஆனால் நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பதால், சித்தூர்த் தாலுகாவின் தமிழ்வழிப் பிள்ளைகளோடு மலையாளவழிப் பிள்ளைகளும் சேர்ந்தே வெளியே நிற்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. பல்கலைக்கழகம் அரசு அலுவலகம் அன்று என்று நீங்கள் சொல்லலாம். அந்த வழக்குக்கு நான் வரவில்லை. கேள்வித்தாளை மூன்று மொழிகளிலும் அச்சிட்டால் போதும்.

இந்தக் கோரிக்கைகள் குழுவுக்குப் போய்த் திரும்ப நாளாகும் என்பதை அறிவேன். அதற்குள் அந்த சிந்தசைசரின் குமிழ்களையாவது சுத்தம் செய்துவிடலாம். கான்டாக்ட் கிளீனரும் சால்டரிங் அயர்னும் நானே கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம். விஷு கழிந்து இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் ஒரு நாளைச் சொன்னால், காலை முதல் பேருந்திலேயே வந்துவிடுவேன்.

இங்ஙனம்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவன்