சுபாஷ் முகோபாத்யாய் லேப்ல என்ன செஞ்சார்னு எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல டெஸ்ட் டியூப் பேபி பத்தின கட்டுரை படிச்சேன். கொல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்க்கு ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, சந்தோஷம், ஆனா அந்த ரெண்டு பக்கமும் அவரை எப்படி அவமானப்படுத்துனாங்க, எப்படி செத்தாருங்கறதுலயே தீர்ந்துருச்சு. மனுஷன் அப்படி என்னதான் செஞ்சார்னு ஒரு பாராகூட இல்லையே சார்.

இங்கிலாந்துல முதல் டெஸ்ட் டியூப் பேபியைக் கொண்டு வந்த எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி (இந்தம்மா பேரையே விட்டுட்டீங்க, லேப்ல கருவைப் பக்கத்துலயே இருந்து கவனிச்சவங்க) மூணு பேரும் ஊசி எதுவும் போடாம, அந்த மாசம் தானா முதிர்ற ஒரே ஒரு முட்டையை லேப்ராஸ்கோப் (வயித்துல சின்னத் துளை போட்டு உள்ள விடுற குழாய்) வெச்சு எடுத்தாங்க. 1978 ஜூலை 25ல அந்தக் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தா. ரெண்டு மாசம் சொச்சம் கழிச்சு அக்டோபர் 3ல கொல்கத்தாவுல பிறந்த குழந்தைக்கு ரூட்டே வேற. முகோபாத்யாய் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்துல பல முட்டை வளர வெச்சார், வயித்துல துளை போடாம பிறப்புறுப்பு வழியா சின்னதா கீறி எடுத்தார், உருவான கருவை டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல் கெடாம காக்குற ரசாயனம்) சேர்த்து உறைய வெச்சு 53 நாள் கழிச்சு வேற ஒரு மாதவிடாய் சைக்கிள்ல கர்ப்பப்பைக்குள்ள வெச்சார்.

எதுக்கு அத்தனை நாள் காத்திருக்கணும்? ஊசி போட்ட மாசம் ஹார்மோன் கண்டபடி ஏறியிருக்கும், கர்ப்பப்பை உள்சுவர் கருவை ஏத்துக்குற பக்குவத்துல இருக்காது, அதான். இன்னைக்கு ஐவிஎஃப் (அதான் டெஸ்ட் டியூப் முறை) பண்றவங்க பல பேர்கிட்ட டாக்டர் "ஃப்ரீஸ் பண்ணி வெச்சிருக்கோம், அடுத்த சைக்கிள்ல டிரான்ஸ்ஃபர்"னு சொல்றாங்கல்ல, அதே யோசனைதான். ஆனா உறைய வெச்ச கருவுல பிறந்த முதல் குழந்தைன்னு புத்தகங்கள்ல இருக்கறது 1984ல மெல்போர்ன்ல பிறந்தது.

மேற்கு வங்க அரசு போட்ட கமிட்டி முகோபாத்யாயை நம்பலைன்னு எழுதியிருக்கீங்க. சந்தேகப்பட்டதை நான் குத்தம் சொல்ல மாட்டேன், விரிவான பேப்பர் எதுவும் அப்ப இல்ல, கிரையோஜெனிக்ஸ் (கடுங்குளிர் தொழில்நுட்பம்) ஜர்னல்ல சின்னதா ஒண்ணு வந்ததோட சரி. ஆனா சந்தேகம்னா அவரோட ஆராய்ச்சி நோட்டை வாங்கிப் படிக்கணும், திருப்பிச் செஞ்சு காட்டச் சொல்லணும், அதை விட்டுட்டு ஜப்பான் போய்ப் பேச லீவு கிடையாதுன்னாங்க, 1981ல கண் மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிப் போட்டாங்க, ஹார்மோன் ஆராய்ச்சி பண்றவருக்குக் கண் ஆஸ்பத்திரில என்ன வேலை சொல்லுங்க.

அந்த நோட்டை உக்காந்து படிச்சவர் டி.சி. ஆனந்த்குமார். 1986 ஆகஸ்ட் 6ல மும்பைல டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோட சேர்ந்து, இந்தியாவோட முதல் டெஸ்ட் டியூப் பேபின்னு அதுவரைக்கும் எல்லாரும் சொல்லிட்டிருந்த குழந்தையைக் கொண்டு வந்தவர். அவர் முகோபாத்யாயோட கையெழுத்துக் குறிப்புகளைப் பார்த்துட்டு, முதல் ஆள் நான் இல்ல அவர்தான்னு 1997ல கரண்ட் சயின்ஸ்ங்கற அறிவியல் இதழ்ல எழுதிட்டார். தன் பட்டத்தைத் தானே இறக்கி வெச்ச விஞ்ஞானி எத்தனை பேர் இருப்பாங்க, அவருக்கு உங்க கட்டுரைல ஒத்தை வரி!

அடுத்த இதழ்ல இடமிருந்தா இப்ப வேலை பார்க்குற எம்ப்ரியாலஜிஸ்ட் (லேப்ல கருவைக் கவனிக்கிற நிபுணர்) யாரையாவது பிடிச்சு, அந்த உறைய வெக்கற முறைல அன்னைக்கு என்ன சிக்கல் இருந்திருக்கும், இப்ப விட்ரிஃபிகேஷன்ல (கருவைச் சட்டுனு உறைய வெக்கற இப்போதைய முறை) என்ன மாறியிருக்குன்னு விளக்கமா எழுத வைங்க, படம் போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி