ஆப்பிள் துண்டில் ஒரு மம்மி

ஆசிரியருக்கு,

வரலாற்றுப் பாடத்திலும் செய்முறைப் பயிற்சி தேவை என்ற தங்கள் தலையங்கம் மிகச் சரி. பண்டைய எகிப்து என்றால் பிரமிடுதான் மாணவர் மனத்தில் நிற்கிறது. இறந்தவர் உடலைக் கெடாத மம்மியாக்க, ஏறத்தாழ 40 நாள் நேட்ரான் என்ற, சோடா கலந்த இயற்கை உப்பில் புதைத்து ஈரத்தை இழுத்து, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள் எடுத்துக்கொண்ட அந்த நுட்பம் நிற்பதில்லை.

இதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கால் துண்டு ஆப்பிளை எடை போட்டு, சமையல் உப்பும் சமையல் சோடாவும் சரிபாதி கலந்த தூளில் முழுக்கப் புதைத்தால் ஒரே வாரத்தில் தோல்போலச் சுருங்கும். கிண்ணத்தை மூடக் கூடாது. பழம் வெளியே தெரிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தூள் கட்டிதட்டினால் அதற்குமேல் ஈரத்தை உறிஞ்சாது, உடனே மாற்ற வேண்டும். மறுபடி எடை பார்க்கும்போது நேட்ரானின் வேலை மாணவருக்குக் கண்கூடாகும். இதற்கு வாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பத்துப் பத்து நிமிடம் ஒதுக்கக் கல்வித்துறை ஆவன செய்ய வேண்டும்.